ரோடமின் பூசிய எல்இடி மூன்றே நாளில் வெளிறியது ஏன்?

வணக்கம். 450 நானோமீட்டர் நீல எல்இடியின் முகப்பிலேயே ரோடமின் 6ஜி என்ற ஒளிரும் கரிமச் சாயம் கலந்த எபாக்சிப் பிசினைப் பூசியதாகவும், முதலில் ஆரஞ்சாக ஒளிர்ந்தது மூன்றே நாளில் மீண்டும் நீலமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் கைவேலையில் இல்லை. சாயத்தையும் அதை வைத்த இடத்தையும்தான் மாற்ற வேண்டும்.

எல்இடிக்குள் ஒளியை உமிழும் சில்லுக்கு மிக அருகில் ஒளிச்செறிவும் வெப்பமும் ஒருங்கே மிகுந்திருப்பதால், ஒளியை உறிஞ்சிக் கிளர்வுற்ற கரிமச் சாய மூலக்கூறு பிசினுக்குள் ஊடுருவும் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, தனக்கு நிறம் தரும் இரட்டைப் பிணைப்புத் தொடர் முறிந்து நிறமிழக்கிறது. சீரியம் கலந்த யாக் (YAG, இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகம்) போன்ற கனிம ஒளிர்பொருளில், ஒளிரும் அயனி படிகத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மேலும், ரோடமின் 6ஜி மிகுதியாக உறிஞ்சுவது 530 நானோமீட்டரை ஒட்டித்தான். 450இல் அது சொற்பமே. அதை ஈடுகட்டச் சாயத்தைக் கூட்டினால், மூலக்கூறுகள் நெருங்கித் தம் ஒளிர்வைத் தாமே அணைத்துக்கொள்ளும். (இந்த ஆசையில் நானும் ஒரு புட்டிச் சாயத்தை வீணாக்கியிருக்கிறேன்.)

நீல ஒளியை நன்கு உறிஞ்சும் பெரிலீன் வகை மஞ்சள் சாயத்தை அக்ரிலிக்கில் கரைத்து மெல்லிய தகடாக வார்த்து, சில்லிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். அத்தகட்டை இரு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்து விளிம்பை அடைத்தால் ஆக்சிஜனும் எளிதில் நுழையாது. ஆண்டுக்கணக்கில் எரியவேண்டிய விளக்கென்றால், நான் யாக் ஒளிர்பொருளைத்தான் வாங்குவேன்.