காவடிச் சட்டம் முதல் பாராங் வரை: இரும்பின் எடையும் பலமும்

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருக்கும் எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் (இரும்பைச் சூடாக்கி ஆற்றிப் பக்குவப்படுத்தும்) பட்டறைக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். இந்த முறை நான்குக்குப் பதில்.

தண்ணீர்மலைக்கு எடுக்கும் காவடிச் சட்டம் ரொம்பக் கனம். அலாய் ஸ்டீல் வாங்கி உலையில் வைத்தால் எடை குறையுமா அண்ணே?

குறையாது தம்பி. உலையில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஒரு கிலோ இரும்பு ஒரு கிலோதான். கூடுவது பலம், அதை நம்பி மெல்லிய குழாயைப் போட்டால்தான் எடை இறங்கும். ஆனால் படியேறும்போது சட்டம் முறிவதா உங்களைப் படுத்துகிறது, ஆடுவதுதானே? ஆட்டத்தை அடக்க விறைப்பு வேண்டும். அதில் உலோகத்தின் பங்கு சாதா இரும்பிலும் விலை கூடிய கிரோம்-மோலியிலும் (குரோமியம், மாலிப்டினம் கலந்த அலாய் ஸ்டீல்) ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல், உலையாலும் அதை மாற்ற முடியாது. அதனால் காசை அலாயில் கொட்டாமல் குழாயின் அளவை மாற்றுங்கள். வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர், சுவர் 1.5 என்று இருப்பதை 25, 1.0 ஆக்கினால் எடை சுமார் 13 சதவீதம் குறைகிறது, வளைவுக்கு எதிரான விறைப்போ 45 சதவீதம் போலக் கூடுகிறது. அதற்குமேல் மெலிதாக்க ஆசைப்பட்டால் ஒரு இடியில் மீலோ டின் மாதிரி நசுங்கும்.

4130 என்ற கிரோம்-மோலிக் குழாயில் சைக்கிள் ஃபிரேம் ஒட்டினேன். வெல்டிங் சூட்டிலேயே தண்ணீர் ஊற்றினால் பலம் கூடுமாமே?

வேண்டவே வேண்டாம். அதில் 0.3 சதவீதம் கார்பன், 1 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் இருக்கிறது, வேகமாக ஆற்றாமலே இறுகக்கூடிய கலவை. தண்ணீர் பட்டால் ஒட்டிய இடத்தின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிக் கீறல் விடும். மெல்லிய குழாய்தானே, சும்மா ஆறட்டும். ஃபேனையும் அணைத்துவிடுங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் பாராங் கத்தி அடித்தேன், தண்ணீரில் தோய்த்ததும் கீறிவிட்டது.

எண்ணெயில் தோய்க்க வேண்டியது. காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போய் தோய்த்து, உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் டெம்பர் செய்யுங்கள், அதாவது அந்தச் சூட்டிலேயே வைத்து நொறுங்கும் தன்மையைக் குறையுங்கள். கீறியதைத் தூக்கிப் போடுங்கள்.

நிபோங் திபாலில் படிக்கிறேன். உருக்கையே எடை குறைவாகச் செய்ய முடியாதா?

முடியும், அலுமினியம் சேர்த்து. எடைக்கணக்கில் 1 சதவீதம் சேர்த்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.3 சதவீதம் இறங்கும். கூடவே மாங்கனீசும் கார்பனும் நிறையப் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், சாதா உருக்கு தண்ணீரில் தோய்த்தால் இறுகும், இது 1000 டிகிரி பக்கத்திலிருந்து தோய்த்தால் இளகி நன்றாக நீளும். அப்புறம் 500, 600 டிகிரியில் ஊறவைத்தால் கப்பா கார்பைடு என்ற இரும்பு-மாங்கனீசு-அலுமினியம்-கார்பன் சேர்ம நுண்துகள்கள் உருவாகிப் பலம் ஏறும். நேரம் தப்பினால் அதே கார்பைடு உருக்குக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லையில் தடித்துப்போய் உருக்கு பொடுக்கென்று உடையும். 2015ல் தென்கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழக ஆட்கள் நிக்கலும் சேர்த்து, வழக்கமாக உடைத்துவிடும் இரும்பு-அலுமினியச் சேர்மத்தையே பொடியாகப் பரப்பிப் பலமாக்கிக் காட்டினார்கள், அதைத் தேடிப் படியுங்கள். ஆனால் அலுமினியம் ஏற ஏற விறைப்பும் இறங்கும், ஆகவே காவடித் தம்பி இதற்கு ஆசைப்பட வேண்டாம்.