கேள்வி–பதில்: தோல்வியே காணாத மயாமி

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஒரு பருவம் முழுவதும் தோல்வியும் சமநிலையும் இல்லாமல் கோப்பையை வென்ற அணி ஒன்றே ஒன்றுதானா?

பதில்: ஆம். என்.எஃப்.எல். வரலாற்றில் தோல்வியோ சமநிலையோ இல்லாமல் பருவத்தைத் தொடங்கி, இறுதிப் போட்டியையும் வென்று முடித்த அணி 1972-ஆம் ஆண்டின் மயாமி டால்பின்ஸ் மட்டுமே. வழக்கமான ஆட்டங்கள் 14, நாக் அவுட் ஆட்டங்கள் 3, பதினேழும் வெற்றி. 2007-ஆம் பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 18 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றுவிட்டு, கடைசியாக இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 14-17 எனத் தோற்றது.

கேள்வி: அந்தப் பருவத்தில் மயாமியின் முதன்மை வீரரே காயமடைந்து வெளியேறினாராமே?

பதில்: ஐந்தாவது ஆட்டத்திலேயே வெளியேறினார். ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கான பாப் கிரீஸியின் கால் எலும்பு முறிந்து, கணுக்காலும் விலகிவிட்டது. வேறோர் அணியாக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் பயிற்சியாளர் டான் ஷூலா, பால்டிமோர் அணி வேண்டாமென்று விடுவித்த 38 வயது ஏர்ல் மோரலை, அந்தக் காலத்து வழக்கப்படி வெறும் 100 டாலர் கட்டணத்திற்கு அவ்வாண்டு எடுத்து வைத்திருந்தார். எஞ்சிய ஒன்பது வழக்கமான ஆட்டங்களிலும் மோரலே அணியை நடத்தினார். என் கணிப்பில் அந்தப் பருவத்தின் உண்மையான நாயகர் அவர்தான்.

மோரலின் சுமை குறைந்ததற்கு மயாமி ஆடிய முறையும் காரணம். பந்தை வீசுவதைவிட ஏந்தி ஓடுவதையே அவர்கள் நம்பினார்கள். லாரி சோன்கா 1,117 கெஜமும் மெர்க்குரி மாரிஸ் சரியாக 1,000 கெஜமும் ஓடினார்கள். ஒரே அணியில் இருவர் ஒரே பருவத்தில் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. மாரிஸின் கணக்கு முதலில் 991 என்றுதான் பதிவாகியிருந்தது; பிறகு லீக் மறுபரிசீலனை செய்து ஒன்பது கெஜத்தைச் சேர்த்தது.

கேள்வி: எளிய எதிரணிகள் அமைந்ததால் கிடைத்த பெருமை என்கிறான் என் நண்பன். சரியா?

பதில்: பாதி சரி. வழக்கமான பருவத்தில் மோதிய அணிகளில் இரண்டு மட்டுமே தோல்வியைவிட அதிக வெற்றி பெற்றவை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் அவர் பார்க்க வேண்டும்: அந்நாளில் அரங்கம் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டதால், ஓர் ஆட்டத்திலும் தோற்காத மயாமிதான் ஏ.எஃப்.சி. (லீக்கின் இரு பிரிவுகளில் மயாமி இருந்த பிரிவு) இறுதிக்குப் பிட்ஸ்பர்க் வரை செல்ல வேண்டியிருந்தது. அங்கே மயாமி 0-7 எனப் பின்தங்கியிருந்தபோது, பந்தை உதைத்து அனுப்ப நின்ற லாரி சைப்பிள், எதிரணியினர் முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவதைக் கண்டு, உதைக்காமல் பந்தோடு 37 கெஜம் ஓடினார். அதைத் தொடர்ந்து ஆட்டம் சமனானது. இரண்டாம் பாதியில் கிரீஸி களத்திற்குத் திரும்ப, மயாமி 21-17 என வென்றது.

கேள்வி: சூப்பர் பௌலில் உதைப்பாளர் ஒருவர் பந்தை வீச முயன்று கேலிக்கு ஆளான கதை என்ன?

பதில்: 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ். வாஷிங்டனுக்கு எதிராக மயாமி 14-0 என முன்னிலையில் இருந்தது. சைப்ரஸில் பிறந்த மயாமி உதைப்பாளர் காரோ யெப்ரீமியன் 42 கெஜ ஃபீல்டு கோலுக்கு (கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளி பெறும் முயற்சி) உதைத்தார். அது நுழைந்திருந்தால் 17 வெற்றிப் பருவத்தை 17-0 என்றே முடித்திருக்கலாம். உதை தடுக்கப்பட்டு, பந்து அவரிடமே உருண்டு வந்தது. அதன்மேல் விழுந்து படுத்திருந்தால் போதும். அவரோ எடுத்து வீசப் போனார். பந்து கையிலிருந்து நழுவி மேலெழும்ப, அதைத் தட்டியும் விட்டார். அந்தரத்தில் பிடித்த வாஷிங்டனின் மைக் பாஸ் 49 கெஜம் ஓடி, எதிர் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்து டச்டவுன் அடித்தார். 14-7, மீதம் இரண்டு நிமிடச் சொச்சம். அதற்குள் வாஷிங்டனுக்கு மீண்டும் ஒருமுறை பந்து கிடைத்தது. ஆனால் கடைசி முயற்சியில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் பில்லி கில்மரை, வீசவே விடாமல், மயாமியின் தடுப்பாளர்கள் தரையில் வீழ்த்தினார்கள்.