அம்மா வீட்டுக்கு வராத பேய்

கேள்வி: எட்டு மாதமாக விடியற்காலையில் அமுக்குவான் பேய் வந்து நெஞ்சில் உட்காருகிறது. கண் விழித்திருக்கும், கை கால் அசையாது, கத்தினால் சத்தம் வராது. இந்த வாடகை வீட்டில் முன்பு ஒருவர் அகாலமாக இறந்தாராம். மாமியார் கட்டச் சொன்ன தாயத்தால் 15 நாள் நின்றது, திரும்பவும் வந்துவிட்டது. இப்போது பரிகாரத்துக்கு 21,000 ரூபாய் கேட்கிறார்கள். மாமனாருக்கு 12 மணி மாத்திரை கொடுத்துவிட்டுப் படுப்பேன். குழாயில் தண்ணீர் வரும் என்பதால் 4 மணிக்கு எழ வேண்டும். பிறகு ஜவுளிக்கடை வேலை. கணவரை எழுப்புவதில்லை. அவர் பாவம், அலுத்து வருகிறவர். அம்மா இருக்கும் பூர்வீக வீட்டுக்குப் போனால் மட்டும் வருவதில்லை. அங்கே ஏழு மணி வரை தூங்குவேன். பரிகாரம் செய்யலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அம்மா வீட்டுக்கு மட்டும் அது ஏன் வரவில்லை? அங்கே யாரும் சாகவில்லை என்பதாலா? பூர்வீக வீடு என்கிறீர்கள், ஒரு சாவுகூட விழாமலா இருந்திருக்கும்? அங்கே ஏழு மணி வரை தூங்குகிறீர்கள். இங்கே கிடைப்பது நாலு மணி நேரம்கூட இல்லை.

கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுவதற்கு நிஜக் கால் ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். விடியற்காலையில்தான் இந்தத் தூக்கம் அதிகம். தூக்கம் கெட்ட உடம்பில் சில நேரம் நினைவு முதலில் விழித்துக்கொள்ளும், தசை விழிக்காது. அப்போது மூச்சை உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) மட்டுமே இழுப்பதால் நெஞ்சில் பாரம். பயந்த மூளை அந்தப் பாரத்துக்கு ஓர் ஆளையும் உட்கார வைத்துவிடும். எந்த ஆள் என்பதை ஊர் சொல்லிக்கொடுத்திருக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அது ஒரு கிழவி. எகிப்தியரையும் டென்மார்க்காரரையும் ஒப்பிட்ட ஆய்வில், பேய் பயம் மிகுந்த எகிப்தியருக்கு இந்த அசைய முடியாத நிலை கூடுதல் நேரம் நீடித்தது. பயந்துகொண்டே படுத்தால் தூக்கம் துண்டு துண்டாகும், மறுபடி அதே அமுக்கல்.

தாயத்தைக் கழற்றச் சொல்லவில்லை. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் தாயத்து கட்டுவார்கள். உச்சம் தானாகவே இறங்கும். பயம் விட்டுத் தூங்கியதும் உதவியிருக்கும்.

"அவர் பாவம்" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். நீங்களும்தானே நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வருகிறீர்கள்? மாமனார் யாருக்கு அப்பா? அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது மகனின் கடமை, மருமகள் செய்வது உதவி. பரிகாரத்துக்குப் பணம் புரட்டத் தயாராக இருக்கும் குடும்பத்தில் நாலு மணிக்குக் குடம் பிடிக்க ஓர் ஆள் இல்லையா?

மாத்திரையைப் பத்து மணிக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீர் முறையை இருவரும் பங்கிடுங்கள். ஏழு மணி நேரத் தூக்கம், தினமும் ஒரே நேரத்தில். மல்லாந்து படுத்தால்தான் இது அதிகம் வரும். துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் அண்டக் கொடுத்து ஒருக்களித்துப் படுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

அமுக்கும்போது எழப் போராடாதீர்கள். போராடினால் பாரம் கூடும். மூச்சை மெல்ல வெளியே விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். முனகல் கேட்டால் தோளைத் தொட்டு உலுக்கும்படி கணவரிடம் சொல்லிவையுங்கள்; அதற்காவது அவர் எழட்டும். விட்டதும் உடனே கண்ணை மூடினால் திரும்ப வரலாம். எழுந்து முகம் கழுவி, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் படுங்கள்.

தூக்கம் சரியான பிறகும் தொடர்ந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்தாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அந்த 21,000 ரூபாயில் அதற்கும் எடுத்து வையுங்கள்.