பென்சன் எடுத்தவர்களே, அதிகம் செலவில்லாத உங்கள் சந்தோசங்கள் எவை?

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட இருக்கிறேன். அரச உத்தியோகம் பார்த்தவன். 65 வயது வரை வேலை செய்யலாம் என்றார்கள்; பிறகு அதை 60 ஆக்கி, அறுபதைத் தாண்டியிருந்த எங்கள் எல்லோரையும் 2022 டிசெம்பர் 31 உடன் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சாமான் விலை ஏறியிருந்த அந்த நேரத்தில் பென்சன் காசு எந்த மூலைக்கு? அதனால் மலிவான சந்தோசங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச்சிருக்கிறது.

எனக்கு மீன் சுடுவதில் பெரிய விருப்பம். கனடாவிலிருந்து வந்த மச்சான், "அத்தான், ஒரு பாபிகியூ மெசின் வாங்குவமே?" என்றார். எதற்கு? மூன்று கல்லும் ஒரு கம்பி வலையும் போதும். விடிய குளக்கட்டுக்குப் போனால் யப்பான் மீன் துடிக்கத் துடிக்க வாங்கலாம் (மற்ற ஊர்க்காரர் திலாப்பியா என்பார்கள்). செதில் உரிக்க வேண்டாம். குடலை மட்டும் எடுத்து, வயிற்றுக்குள் உப்பு, மஞ்சள், இடித்த மிளகு பூசி வையுங்கள். சிரட்டையைக் கொளுத்தி, சுவாலை அடங்கி, தணலின் மேல் வெள்ளைச் சாம்பல் படிந்த பிறகுதான் வலையை வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு வெளியில் கரி, உள்ளே பச்சை. வெந்தால் கருகிய செதிலும் தோலும் சட்டை கழற்றுவது போல ஒன்றாகக் கழன்று வரும். தேசிக்காய் பிழிந்து, சம்பலோடு பாண். "ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியாத மனுசன்" என்று மனுசி சிரிப்பா. முதல் துண்டு அவவுக்குத்தான் போகும்.

அடுத்தது, சும்மா இருந்து பார்ப்பது. வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இது புதுப் பழக்கம். ஒரு சீவனைக் கண்டால் ஒன்றில் கலைப்போம், இல்லாவிட்டால் கறிக்கு ஆகுமா என்று யோசிப்போம். மரை வத்தல் (காயவைத்த மான் இறைச்சி) இல்லாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் 1937 இலேயே வந்துவிட்டது. யார் அதைப் பார்த்தது!

இப்போது வேப்பமரத்தடிச் சருகை நான் கூட்டுவதில்லை. ஆறுமணிக்குருவிக்காக. மழைக்காலம் தொடங்க இந்தியாவிலிருந்து வந்து, பங்குனி, சித்திரை வரை நிற்கும். பச்சை முதுகு, கண்ணை மூடிக் கறுப்புப் பட்டி, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய கட்டை உருவம். சருகை அலகால் புரட்டும், தத்தும், நிற்கும், திரும்பப் புரட்டும். கதிரையைக் கொஞ்சம் அசைத்தாலும் பற்றைக்குள் போய்விடும். விடியவும் பொழுதுபடவும் அது விசில் அடிக்கிற நேரத்தில் வீட்டில் யாரும் ரீவி போடக்கூடாது என்பது என் சட்டம். ஒருவரும் மதிப்பதில்லை.

மயிலும் வருகிறது. ஆனால் பக்கத்துக் காணியில் கச்சான் (நிலக்கடலை) போட்டிருக்கும் தம்பி விடியவே தகரம் தட்டத் தொடங்கிவிடுவார். "ஐயா, உங்களுக்கு அது வேடிக்கை, எனக்கு அது கடன்" என்றார் ஒருநாள். நியாயம்தானே. மாதம் பிறந்தால் பென்சன் வரும் என்ற தைரியத்தில்தான் நான் மயிலை ரசிக்கிறேன். யானையை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். யானை கலைக்கிற வெடி கேட்கும் இரவில் இங்கே யாருக்கும் நித்திரையும் இல்லை, ரசனையும் இல்லை.

மார்கழி மழைக்குக் குளக்கட்டில் எங்களைப் போன்ற பென்சன்காரர் கூட்டம் ஒன்று நிற்கும். "இண்டைக்கு எத்தினை அடி?" என்பதுதான் பேச்சு. இரணைமடு நிரம்ப 36 அடி. கனகராயன் ஆறு பெருகி, குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் ஊரே சைக்கிளில் வந்துவிடும். ரிக்கெட் இல்லாத திருவிழா, கச்சான் கடை உட்பட.

வெளியூரிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையில் வாருங்கள். சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவானது. வாய்த்தால் பூநாரைக் கூட்டத்தைக் காணலாம். ரோட்டை விட்டு இறங்க முதல் ஊராரிடம் கேளுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற பக்கம், எந்தப் பறவை நின்றாலும், காலை வைக்க வேண்டாம். மிதிவெடி எடுக்கிற வேலை இந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை.