மாண்டரின் வாத்துக்காகக் கோடை வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் ஜனவரி மாதம் ஒருநாள் பிற்பகல் 3 மணிக்கு, ஏரிப் பாலத்தில் நின்றபடி, பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம் நீந்திய ஆண் மாண்டரின் வாத்தை 70-300 மி.மீ. ஜூம் லென்ஸில் எடுத்தேன். சில படங்களில் உடம்பு கறுத்துவிட்டது. சிலவற்றில் கண்ணுக்கு மேலிருக்கும் வெள்ளைப் பட்டை வெறும் சுண்ணாம்பாகத் தெரிகிறது. கோடையில் வெளிச்சம் கூடியதும் மறுபடி முயலட்டுமா? பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?
– ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து கோடைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஜூன் வாக்கில் ஆண் மாண்டரின் தன் அலங்கார இறகுகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, பெட்டையைப் போலவே சாம்பலும் பழுப்புமாக மாறிவிடும். முதுகில் பாய்மரம் போல் நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு ஆரஞ்சு இறகுகளும் இருக்காது. சிவந்த அலகு மட்டும் அப்படியே இருக்கும், அதை வைத்துத்தான் ஆண் என்று கண்டுபிடிக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில்தான் பழைய கோலம் திரும்பும்.

வெளிச்சத்துக்கும் குளிர்காலம்தான் நல்லது. நம் ஊரில் காலை 9 மணிக்கே வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிடும். லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சூரியன் ஏறத்தாழ 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்வான ஒளி பறவையின் கன்னத்தில் நேராக விழும். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை, 11 மணிக்குப் போனாலே போதும்.

தவறு நீங்கள் நின்ற இடத்தில் இருக்கிறது. பாலத்திலிருந்து அரண்மனையைப் பார்த்தால் மேற்கே பார்க்கிறீர்கள். ஜனவரியில் 3 மணிக்குச் சூரியன் தென்மேற்கில் தாழ்ந்துவிடும். எதிர்வெயிலில் எடுத்ததால்தான் உடம்பு கறுத்தது. தவிர, மேலிருந்து குனிந்து எடுக்கும்போது முதுகும் தண்ணீரும்தான் கிடைக்கும், முகம் கிடைக்காது. பாலத்தை விட்டு இறங்கி, பேர்ட்கேஜ் வாக் சாலை இருக்கும் தென்கரைக்குப் போங்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கேமராத் திரையை மடக்கித் திருப்ப முடிந்தால், மண்டியிட்டு லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இறக்குங்கள். பறவையின் கண்ணும் உங்கள் லென்ஸும் ஒரே உயரத்துக்கு வந்ததும் படம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்! பின்னாலிருக்கும் கரை கரைந்து ஒரே நிறமாகிவிடும்.

வெள்ளைப் பட்டைக்கு வருவோம். படச் சட்டத்துக்குள் முக்கால்வாசி இருண்ட தண்ணீர் இருந்தால், கேமரா அதை வெளிச்சமாக்கப் பார்க்கும். அதில் வெள்ளை பலியாகிவிடும். கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7இல் தொடங்கி, தேவைப்பட்டால் -1க்கு இறக்குங்கள். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு நிறத்துக்கான வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும், அந்த அடர்ந்த ஆரஞ்சு நிறம் சிவப்பு வரைபடத்தின் வலது ஓரத்தை முட்டி, இறகின் இழைகளை அழித்துவிடும். கேமரா பதப்படுத்தாத ரா (RAW) கோப்பாக எடுத்தால் இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம், வெளிறிப்போன வெள்ளையை மீட்கவே முடியாது.

பக்கத்தில் நீந்தும் மல்லார்டு வாத்தையும் விட்டுவிடாதீர்கள். அதன் தலையின் பச்சை, சாயத்தால் மட்டும் வந்ததில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. தலை சற்றுத் திரும்பினால் பச்சை ஊதாவாகும், இன்னும் கொஞ்சம் திரும்பினால் கறுத்துவிடும். எனவே ஒரு படத்தோடு நிறுத்தாமல், தலை திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருங்கள்.

லென்ஸ் இதுவே போதும். இந்த ஏரியில் 1664இலேயே ரஷ்யத் தூதர் பரிசளித்த கூழைக்கடாக்கள் இருந்தன. இங்குள்ள பறவைகளுக்கு மனிதர்கள் புதிதில்லை, தாமாகவே அருகில் வரும். ரொட்டி போட்டு அழைக்காதீர்கள். உணவிட வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. அப்படிக் கூடும் கூட்டத்தில் நல்ல படமும் அமையாது.

நீந்தும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 1/800 நொடி போதும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று ஏறினாலும் தயங்காதீர்கள். ஃபோகஸ் புள்ளி கண்ணில் இருக்கட்டும். மாண்டரின் தலையை முக்கி முக்கி முதுகில் தண்ணீர் அள்ளிப் போடத் தொடங்கினால், உடனே 1/1600க்கு மாற்றி, ஜூமைச் சற்றுக் குறைத்துச் சிறகுக்கு இடம் விடுங்கள். குளித்து முடித்ததும் பெரும்பாலும் தண்ணீரில் எழுந்து நின்று இரண்டு மூன்று முறை சிறகடிக்கும்.