தேன்பெட்டியும் பத்து வரிகளும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் மஸ்கட்டில் பணிபுரிகிறார். ஒரே மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 481 மதிப்பெண் பெற்றாள். உயிரியலில் ஆர்வம் அதிகம். உதவித்தொகையோடு அமெரிக்காவில் பட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவளாகவே கொண்ட ஆசை. அதற்காக ஓர் ஆலோசனை மையத்துக்குப் போனோம். மதிப்பெண் மட்டும் போதாது, பாடத்துக்கு வெளியே என்ன செய்தாள் என்று பார்ப்பார்கள் என்று சொல்லி ஒரு பட்டியலைத் தந்தார்கள். ரோபோட்டிக்ஸ் வகுப்பு, மாதிரி ஐ.நா. சபை, அவள் பெயரில் ஓர் அறக்கட்டளை, ஆன்லைனில் ஓர் ஆய்வுக் கட்டுரை, ஒரு வெளிநாட்டு மொழி. இவ்வளவையும் செய்துதர இரண்டு ஆண்டுகளுக்கு 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்தே அவள் என் அப்பாவோடு தேன்பெட்டிகளைப் பார்க்கப் போகிறாள். பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். படுக்கையிலிருக்கும் என் மாமியாரை மாலையில் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இவற்றைச் சொன்னபோது, "இதெல்லாம் வீட்டு வேலை, படிவத்தில் எழுத முடியாது, தேனீயை விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார்கள். அன்றிலிருந்து அவள் சோர்ந்து கிடக்கிறாள். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? இப்போதே தாமதமாகிவிட்டதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

"படிவத்தில் எழுத முடியாது" என்று உங்களிடம் சொன்னது தவறான தகவல். அமெரிக்கக் கல்லூரிகளில் பல ஏற்கும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுதும் பகுதியில் ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். அந்த வகைகளில் 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒன்றும், 'ஊதியம் பெற்ற வேலை' என்று ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. உங்கள் மாமியாரைக் கவனித்துக்கொள்வதற்கு அங்கே ஓர் இடம் அச்சடித்தே வைக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களை விண்ணப்பிக்கச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்தப் படிவத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

ஆனால் அதற்கு முன் எந்த வாசலில் போய் நிற்கப்போகிறோம் என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். நம் ஊரிலிருந்து பிள்ளைகள் வழக்கமாகப் போகும் வாசல்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கணக்கிட்ட கட்ஆஃப் மட்டுமே பேசும், மருத்துவத்துக்கு நீட். விளையாட்டு ஒதுக்கீடு தனி வழி. சென்னை ஐஐடி 2024-25 முதல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கும் 2025-26 முதல் கலைகளில் சிறந்தவர்களுக்கும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இரண்டு கூடுதல் இடங்களை வைத்திருக்கிறது. அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் வந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்குப் போவதானால், 4000 எழுத்துகளுக்குள் எழுதும் தன்விளக்கத்தில் அவர்கள் முதன்மையாகத் தேடுவது, படிக்க விரும்பும் பாடத்தில் மாணவிக்கு உள்ள ஈடுபாட்டைத்தான். இந்தியாவிலேயே அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டுரையும் நேர்காணலும் வைத்து மாணவரை முழுமையாகப் பார்க்க முயல்கின்றன. ஆகவே மகளின் ஆசை பாதியில் மாறி அவள் இங்கேயே உயிரியல் படிக்க முடிவு செய்தால், அந்த 1,80,000 ரூபாயால் எந்தப் பயனும் இருக்காது.

அமெரிக்கா என்றே வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணுக்கு வெளியே மாணவரை அளப்பது ஏதோ உயர்ந்த நாகரிகம் என்றும், நாம் அதை அறியாமல் இருந்துவிட்டோம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. நாமும் அதைச் செய்து பார்த்தவர்கள்தான். 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். அதில் விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்கு வெளியே ஆற்றிய சிறப்புச் சேவை, உடல்திறன், பொது அறிவாற்றல், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள் இருந்தன. தேர்வாளர்கள் தலைப்புவாரியாக மதிப்பெண் போடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது அந்தச் சேர்க்கையை எதிர்த்துத் தொடுத்த பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ட குறைகளுள் ஒன்று. நம் தாத்தா தலைமுறை 'மார்க்' என்ற ஒற்றை எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு, இப்படிப்பட்ட இடத்தில் சிபாரிசு நுழைந்துவிடும் என்ற அச்சம் ஒரு முக்கியமான காரணம். அமெரிக்காவிலும் கதை தூய்மையானதல்ல. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவை 1920களில் 'குணநலன்' என்பதைச் சேர்க்கையின் அளவுகோலாக ஆக்கியதில், தேர்வில் நன்றாக மதிப்பெண் வாங்கிய யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது. 2019இல் வெளிவந்த ஊழலில், விளையாடியே இராத பணக்காரப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி, பயிற்சியாளர்களுக்குக் கையூட்டு கொடுத்துச் சேர்த்ததற்காகப் பெற்றோர் சிலர் சிறைக்கே போனார்கள். இவற்றைச் சொல்வது உங்களை அவநம்பிக்கைக்குள் தள்ளுவதற்காக அல்ல. அந்த முறையைப் பார்த்து மலைத்து நிற்பவரிடம் எதையும் விற்றுவிட முடியும். அந்த மலைப்பு உங்களுக்குப் போக வேண்டும்.

படிவத்துக்கு வருவோம். காமன் ஆப்பில் அதிகபட்சம் பத்துச் செயல்பாடுகளை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிப்பதற்கு இடைவெளிகளையும் சேர்த்து 150 எழுத்துகள், அதாவது ஆங்கிலத்தில் இருபது இருபத்தைந்து சொற்கள். எந்தெந்த வகுப்பில் செய்தாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்ற கணக்கையும் கேட்பார்கள். பத்து இடம் இருக்கிறது என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி தன் சொந்த விண்ணப்பத்தில் நான்கை மட்டும் எழுதச் சொல்கிறது. ஹார்வர்டு கல்வியியல் புலத்திலிருந்து 2016இல் வெளிவந்த ஓர் அறிக்கை, செயல்பாடுகளின் எண்ணிக்கையைவிட அவற்றிலுள்ள ஈடுபாட்டையே கல்லூரிகள் பார்க்க வேண்டும், குடும்பத்துக்கு உழைக்கும் பிள்ளைகளின் உழைப்பையும் மதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள்.

மணிக்கணக்கு கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பள்ளி, தூக்கம், சாப்பாடு போக நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பது அதைப் படிக்கிறவருக்குத் தெரியும். ரோபோட்டிக்ஸ், ஐ.நா. சபை, அறக்கட்டளை, ஆய்வுக் கட்டுரை, வெளிநாட்டு மொழி எல்லாம் ஒரே ஆண்டில், அதுவும் பிளஸ் ஒன்னில் திடீரென்று முளைத்திருந்தால் அவர் என்ன நினைப்பார்? ஆசிரியர்களிடமிருந்தும் பள்ளியிலிருந்தும் பரிந்துரைக் கடிதங்கள் போகும். உங்கள் மகளின் உயிரியல் ஆசிரியை அறக்கட்டளையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை, ஏனெனில் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தேனீயைப் பற்றி அவர் எழுதக்கூடும். இதுவரை அவருக்குத் தெரியாதென்றால், அந்த நோட்டை ஒருநாள் அவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

அந்த நோட்டைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தேன் முக்கியமாகப் பூவிலிருந்து வருவதில்லை என்பதே வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் ஊறும் மதுவைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை அந்தப் பருவம். பிறகு இரண்டு மழைக்காலமும் நமக்கு உண்டு. அந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்துப் பெட்டிகளைக் காப்பாற்ற வேண்டும். 1990களின் தொடக்கத்தில் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக்களின் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. உங்கள் அப்பாவின் வயதில் தேனீ வளர்த்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அந்த ஆண்டுகளின் காலிப் பெட்டிகளைப் பற்றிய நினைவு இருக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் எந்தப் பெட்டியில் எப்போது கூடு பிரிந்தது, எப்போது மெழுகுப் பூச்சி விழுந்தது, எந்த வாரம் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறாள் என்றால், அது மூன்று ஆண்டுத் தரவு. உயிரியலில் ஆர்வமுள்ள மாணவி என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அதை விட்டுவிட்டு இணையத்தில் யாரோ எழுதித்தரும் ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடச் சொல்கிறார்கள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவள் புதிதாக எதையேனும் சேர்க்க விரும்பினால், ஏற்கெனவே இருப்பதிலிருந்து கிளைப்பதைச் சேர்க்கட்டும். பெட்டிக் குறிப்புகளோடு மழையளவையும் சேர்த்து எழுதலாம். பாட்டாவைப் போன்ற முதியவர்கள் பத்துப் பேரிடம் பேசி, நோய் வந்த ஆண்டுகளில் என்ன நடந்தது, எப்படி மீண்டும் தொடங்கினார்கள் என்று பதிவு செய்யலாம். இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால் அதைச் சொல்ல ஆள் இருக்காது. பறவைகளிலும் நாட்டமுண்டு என்றால், 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் காசில்லாமல் யாரும் கலந்துகொள்ளலாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் உங்களுக்குப் பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது. இவற்றில் ஒன்று போதும். இரண்டு என்றால் யோசித்துச் சேர்க்கட்டும்.

பாடகர் குழுவில் பாட அவளுக்குப் பிடித்திருந்தால் பாடட்டும், பிடிக்காவிட்டால் நிறுத்தட்டும். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மாமியாரைக் கவனிப்பதை எழுதும்போது இரக்கத்தைத் தூண்டும் சொற்கள் வேண்டாம். மருந்து கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, சாப்பாடு ஊட்டுவது, நாளுக்கு இவ்வளவு நேரம் என்று எழுதினால் போதும். மாலை நேரத்தில் அவளால் வேறு வகுப்புகளுக்குப் போக முடியாததற்கான காரணமும் அதிலேயே அடங்கிவிடும்.

அறக்கட்டளை யோசனையைப் பற்றிச் சொல்லும்போது என் பழைய பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சில ஆண்டுகள் கவனித்து வந்தேன். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் முடித்தவருக்கே சான்றிதழ். ஒரு மாணவன் முகாமுக்கு வரவில்லை. அவனுடைய தந்தை வந்து வற்புறுத்தினார், நான் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். முகாமில் ஏழு நாளும் குளத்துப் பாசியை வாரிய மற்றொரு மாணவன் அதே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் பெயரில் பெற்றோர் நடத்தும் அறக்கட்டளையைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் நினைவுக்கு வருகிறது.

இனி கசப்பான பகுதி. பாடத்துக்கு வெளியே செய்தவை எவ்வளவு சிறந்திருந்தாலும் சேர்க்கையைத் தாமாக வாங்கித்தருவதில்லை. சேர்க்கையில் இனப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி, படிப்பு, பாடம்சாராச் செயல்பாடுகள், விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியே தரமிடுகிறார்கள். படிப்பில் தளர்ந்தால் மற்றவை தாங்கிப் பிடிக்காது. அதைவிடப் பெரிய தடை பணம். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால், பெரும்பாலான கல்லூரிகளில் அந்தத் தேவையே சேர்க்கை முடிவைப் பாதிக்கும். அப்படிப் பாதிக்காது என்று அறிவித்திருப்பவை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி உள்ளிட்ட சில மட்டுமே. நான் பெயர் சொன்ன நான்கிலும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே ஒரு நல்ல உயிரியல் பட்டப்படிப்புக்கான வழியையும் திறந்தே வைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பியுங்கள். மையத்தில் உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

தாமதமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். படிவம் கேட்பது ஒன்பதாம் வகுப்பு முதலான கணக்கை. அவள் எட்டிலேயே தொடங்கிவிட்டாள். விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் பிளஸ் டூ ஆண்டின் நவம்பர் தொடக்கத்திலும், பல இடங்களில் ஜனவரி தொடக்கத்திலும் வரும். அதற்குள் பொதுத்தேர்வுக்கும் படிக்க வேண்டும். இருக்கும் நேரத்தில் ஐந்து புது வகுப்புகளைத் திணித்தால் கெடப்போவது வேதியியலும் இயற்பியலும்தான்.

இந்த வாரத்தில் ஒரு மாலை, அவளை அந்த நோட்டோடு உட்கார்ந்து வகுப்புவாரியாக மணிக்கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் வாரத்துக்கு எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். உள்ளதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அவளுக்குச் சம்மதமானால் அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சென்ற மழையில் எத்தனை பெட்டி தப்பியது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.