‘அனுமதி எங்கள் பொறுப்பு’ என்பவருக்கு முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறோம். தீபாவளியை ஒட்டி வரும் சனி, ஞாயிறில் ஜவ்வாது மலையில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் காட்டுவழியே நடந்து ஓர் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசைப்படுகிறோம். நான், மனைவி, 13 வயது மகன், 9 வயது மகள், மூட்டுவலி உள்ள என் அம்மா என ஐந்து பேர். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர் தலைக்கு 2,200 ரூபாய் கேட்கிறார். பாதியை முன்பணமாக அனுப்பச் சொல்கிறார். முதலில் ‘வனத்துறை அனுமதி எங்கள் பொறுப்பு’ என்றார். பிறகு ‘அது பட்டா நிலம், அனுமதியே தேவையில்லை’ என்கிறார். எதை நம்புவது?

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற வனச்சரக அலுவலர்

பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் சொன்ன இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதி தேவையில்லாத இடம் என்றால் அவர் எந்த அனுமதிக்குப் பொறுப்பேற்றார்? தேவைப்படும் இடம் என்றால் அதை ஏன் இன்னும் உங்களிடம் காட்டவில்லை? நீங்கள் கேள்வி கேட்டதும் பதில் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் வேலையில் இருந்த காலத்திலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று இவர்கள் பஸ் நிலையத்தில் நின்று ஆள் பிடித்தார்கள்; இன்று கைபேசியில் பிடிக்கிறார்கள்.

காப்புக்காட்டுக்குள், அதாவது அரசு ‘ரிசர்வ் ஃபாரஸ்ட்’ என்று அறிவித்த காட்டுக்குள், அனுமதியின்றி நுழைவது குற்றம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், 21ஆம் பிரிவு. உள்ளே தீ மூட்டுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. ‘இரவில் கேம்ப் ஃபயர் உண்டு’ என்று உங்களிடமும் ஆசை காட்டியிருப்பார். காட்டுக்குள் அது கேளிக்கை அல்ல, வழக்கு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. பிடிபட்டால் அழைத்துப் போனவர் முன்னமே நழுவியிருப்பார். பெயர், முகவரி எழுதிக் கொடுத்து, அபராதம் கட்டிவிட்டு, பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போவது நீங்கள்தான்.

உண்மையான அனுமதி எப்படி இருக்கும்? யாருக்கு, எந்தத் தேதிக்கு, எந்தப் பாதையில், எத்தனை பேர் என்ற நான்கும் அதில் இருக்கும். கொடுத்த அலுவலரின் கையொப்பம் இருக்கும். சென்ற ஆண்டு என் உறவுக்காரப் பையன் ஒருவன் ‘பர்மிட் வாங்கிவிட்டோம் மாமா’ என்று கைபேசியை நீட்டினான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் தாளில் அச்சடித்த ரசீது. ஊதா நிற முத்திரை சாய்வாக விழுந்து, மை பரவித் தேதியை மறைத்திருந்தது. முத்திரைக்கு அடியில் கண்ணை இடுக்கிப் படித்தால் ‘நான்கு சக்கர வாகனம்’ என்று எழுதியிருந்தது. அது வண்டி நிறுத்தியதற்கான கட்டணச் சீட்டு! அதை நம்பி ஒன்பது பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அருவியின் நுழைவுச் சீட்டும், சோதனைச் சாவடியில் வண்டி எண் எழுதிக் கொடுக்கும் துண்டும் இதே ரகம்தான். எதுவும் காட்டுக்குள் நடக்க அனுமதி ஆகாது.

இனி அந்தப் பட்டா விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

ஜவ்வாது மலை முழுவதும் காப்புக்காடு அல்ல. ஊர்கள் இருக்கின்றன, மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கும் வயல்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பட்டாவும் இருக்கிறது. ஜமுனாமரத்தூருக்குப் போகும் தார்ச்சாலை காட்டை ஊடுருவித்தான் போகிறது. அதில் போக யாரும் அனுமதி கேட்பதில்லை. பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், நீங்கள் இரவு தங்கலாம். வனத்துறைக்கு அதில் வேலை இல்லை. இதுவரை அவர் சொல்வது சரி.

ஆனால் பட்டா என்பது அந்தச் சர்வே எண்ணோடு முடிந்துபோகிறது. கூடாரம் பட்டா நிலத்தில் இருக்கும். மறுநாள் அவர் உங்களை நடத்திக் கூட்டிப்போகும் ஒற்றையடிப்பாதை வயலைத் தாண்டி, கானாற்றைக் கடந்து, காப்புக்காட்டுக்குள் போகும். எல்லை எங்கே என்று நீங்களே பார்க்கலாம். கற்களை இடுப்பளவுக்குக் குவித்து, சுண்ணாம்பு அடித்து, எண் எழுதியிருப்போம். சுண்ணாம்பு மங்கியிருக்கலாம், புதர் மூடியிருக்கலாம், கற்குவியல் இருக்கும். அதைத் தாண்டி ஓர் அடி வைத்தாலும் ‘பட்டா’ என்ற வார்த்தை உங்களைக் காப்பாற்றாது.

அவர் ஏமாற்ற நினைக்காதவராகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மலையில் சிலரிடம் இருப்பது வருவாய்த் துறைப் பட்டா. சிலரிடம் இருப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த உரிமைச் சான்று. ஊரில் இரண்டையும் ‘பட்டா’ என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது, காட்டு நிலத்தில் காலங்காலமாகக் குடியிருந்து பயிர் செய்தவர்கள் தொடர்ந்து குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்த உரிமை. பிள்ளைகளுக்குப் போகும், விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ முடியாது. அந்த நிலத்தில் வெளியூர்க்காரர் பத்துக் கூடாரம் போட்டு வசூல் செய்தால், நாளை பிரச்சினை வரும்போது நோட்டீஸ் அந்தக் குடும்பத்தின் பெயருக்குத்தான் வரும். உங்கள் இரண்டு நாள் மகிழ்ச்சிக்காக அவர்களுடைய ஒரே பிடிமானம் ஆட்டம் காணக் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு ஓர் இரவுக்கு 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, உங்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற தரகர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே அவரிடம் சர்வே எண், ஊர், வட்டம் மூன்றையும் கேளுங்கள். தமிழக அரசின் இ-சேவை நில ஆவண இணையதளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று காசு செலவின்றி வந்துவிடும். அந்தப் பெயருள்ளவரிடம் நீங்களே பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். நேர்மையானவர் என்றால் பத்து நிமிடத்தில் பதில் வரும். இல்லையென்றால் ‘சார், நீங்கள் ரொம்ப யோசிக்கிறீர்கள், இடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது’ என்று வரும்.

‘சரி, நானே நேராக வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொள்கிறேன்’ என்பீர்கள். வாங்க முடிந்தால் இந்தத் தரகர்கள் ஏன் முளைக்கிறார்கள்? நான் பணியில் சேர்ந்தபோது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. மலை ஒன்றுதான், இன்று அதன் மேல் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களின் கோடுகள் ஓடுகின்றன. ஏறுவது ஒரு மாவட்டம், இறங்குவது இன்னொன்று. ஓர் அலுவலகத்தில் கேட்டால் ‘அது எங்கள் எல்லை அல்ல’ என்பார்கள். அடுத்ததில் கேட்டால் முதல் அலுவலகத்தைக் காட்டுவார்கள். எந்த அருவிக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரே ஒரு பலகை, அடிவாரத்தில், பெரிய தமிழ் எழுத்தில் வைத்தால் போதும். நான் பணியில் இருந்தபோதே எழுதிப் போட்டேன். இன்னும் அந்தப் பலகை வரவில்லை.

ஒரு நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள். தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். வழிகாட்டி உடன் வருவார். தொடக்கப் பட்டியலில் வேலூர் மாவட்டத்துக்கோ திருவண்ணாமலைக்கோ ஒரு பாதைகூட இல்லை என்பது என் மனக்குறை. நமக்குப் பக்கம் என்றால் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிதான். அங்கே சுவாமிமலை உச்சிப் பாதை இருக்கிறது. 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை எளிய பாதைகளில், பெற்றோர் உடன் வந்தால் மட்டுமே விடுவார்கள். உங்கள் மகளுக்கு 9 என்பதால் பதிவு செய்யும்போதே பாதையின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்று. ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்று சொல்வது நம் பகுதிக்கு அப்படியே பொருந்தும். அருவியில் தண்ணீர் இருப்பதும் இந்த மாதங்களில்தான், ஆள் போவதும் இந்த மாதங்களில்தான். ஒரு நவம்பரில், அருவிக்குக் கீழே ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வெயில். நான் கரையில் நின்றேன். பாறையிடுக்கில் தெளிவாக ஓடிய தண்ணீர் முதலில் தேநீர் நிறத்துக்கு மாறியது. பிறகு சருகு வந்தது, சுள்ளி வந்தது. ‘மேலே வாருங்கள்’ என்று கத்தினேன். அந்த அப்பா சிரித்தார். பாறை மேல் வைத்திருந்த செருப்பை எடுக்கக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. நானும் இரண்டு காவலர்களும் கயிறு போட்டு இழுத்தோம். பிழைத்தார். மழை பெய்தது அங்கே அல்ல, மலை மேலே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்.

தண்ணீர் நிறம் மாறினால் கரையேறுங்கள், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடாதீர்கள். நடையைக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். இந்த மாதங்களில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். கிளம்பும் முன் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் வீட்டில் இருங்கள். ‘மழைக்குப் பணம் திரும்பாது’ என்று அந்த ஆள் சொல்வார். முன்பணம் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். பணம் கொடுத்துவிட்டால், போகக் கூடாத நாளிலும் மனம் போகத்தான் சொல்லும்.

திரும்பிய பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ‘காட்டுக்குப் போயிருந்தோம்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் நம் மாவட்டத்தில் மழை, குளிர் மாதங்களில் வருவது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்காக இருக்கும். அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் ஒளிந்திருக்கும். தெரிந்துவிட்டால் சாதாரண மாத்திரையிலேயே கேட்கும். புல்லில் நேராக உட்காராமல் விரிப்பு போட்டு உட்காருங்கள்.

கூடார ஆசை பிள்ளைகளுக்குத்தான் என்றால் நான் வேறு ஒன்று சொல்வேன். சனிக்கிழமை ஆலங்காயம் வழியாகக் காவலூர் போங்கள். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1986இல் திறந்து வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம். கணிதமேதை ராமானுஜன் பெயர் தாங்கிய சிறுகோளை 1988இல் கண்டுபிடித்தது இங்கிருந்துதான் என்று மகனிடம் சொல்லுங்கள். பொதுமக்கள் பார்க்கும் நேரத்தை முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் வானம் தெரியாது, கட்டடத்தை மட்டும் பார்க்கலாம். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் போய்ப் பட்டா நிலத்தில் முறையாக நடக்கும் விடுதியில் தங்குங்கள். காலையில் சாமை வயல் வரப்பில் நடந்தாலே போதும். அறுவடைக் காலம், கதிர் தலைசாய்ந்து நிற்கும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உங்கள் அம்மாவை மலைப்பாதையில் ஏற்ற வேண்டாம். அவருக்கு அமிர்தி போதும். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சிறிய உயிரியல் பூங்கா, நிழல், மான்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே வண்டி போய் நிற்கும். அவரும் பேத்தியும் அங்கே உட்கார்ந்திருக்க, நீங்களும் மகனும் வாசலில் இருக்கும் வனக்காப்பாளரிடம் அருவிப் பாதை அன்று திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று அவர் சொன்னால், பக்கத்தில் நிற்கும் யாராவது ‘நான் வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்’ என்று உங்கள் தோளைத் தொடுவார். அவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.